கடல் பார்த்த வீடு: ஸ்பெயின் கரையில் எதற்கு விலை?

ஸ்பெயினின் மத்தியதரைக் கடற்கரையில் வீடு விற்கும் தரகர்கள் அறைகளைப் பற்றிப் பேசும் முன்பே வரிசையைப் பற்றிப் பேசிவிடுவார்கள். கட்டடத்துக்கும் மணலுக்கும் நடுவே வேறு கட்டடம் இல்லையென்றால் அது முதல் வரிசை. நடுவில் ஒரு கட்டடம் வந்துவிட்டால் இரண்டாம் வரிசை. அலிகாந்தே, முர்சியா, மாலகா என எந்த மாகாணத்துக்குப் போனாலும் இதே கணக்குதான். ஒரே நிறுவனம் கட்டியது, ஒரே சமையலறை, ஒரே லிஃப்ட், ஒரே நீச்சல்குளம் என்று எல்லாம் ஒன்றாக இருந்தாலும், ஒரு தெரு உள்ளே தள்ளியதும் விலை இறங்கிவிடும்.

இறங்கிய அந்தத் தொகை எதற்கானது என்று கேட்டுப் பார்க்கலாம். பால்கனிக் கதவைத் திறந்தால் தெரியும் கடல், செருப்பில்லாமல் நடந்து போகும் மணல், மாலைக் காற்று ஆகியவற்றுக்கானது. இவற்றில் ஒன்றுகூடப் பத்திரத்தில் இல்லை, இருக்கவும் முடியாது. கடற்கரைகளும் கரையோர நிலப்பகுதியும் கடலும் அரசின் பொதுச் சொத்து என்று ஸ்பெயினின் 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பு 132ஆம் பிரிவில் சொல்கிறது. பொதுச் சொத்தை விற்க முடியாது, ஜப்தி செய்ய முடியாது, நெடுநாள் அனுபவித்தேன் என்று உரிமை கொண்டாடவும் முடியாது. ஆகவே விற்பவர் தமக்குச் சொந்தமில்லாத ஒன்றுக்குப் பணம் வாங்குகிறார். வாங்குபவர் ஒருநாளும் தமக்குச் சொந்தமாகாத ஒன்றுக்குப் பணம் கொடுக்கிறார். மத்தியதரைக் கடலோரச் சொகுசு வீட்டின் பொருளாதாரம் முழுவதும் இந்த ஒரு முரணின் மேல் நிற்கிறது. கடந்த அறுபது ஆண்டுகளில் அந்தக் கரைக்கு நேர்ந்த நல்லதும் கெட்டதும் இதிலிருந்தே கிளைத்தவை.

கரை யாருக்கும் தனியுடைமை இல்லை என்பது இந்தக் கடலோரத்திலேயே பிறந்த கருத்து. பேரரசர் ஜஸ்டீனியன் 533ஆம் ஆண்டு வெளியிட்ட சட்ட நூலான இன்ஸ்டிட்யூட்ஸ் காற்றையும் ஓடும் நீரையும் கடலையும் கடற்கரையையும் எல்லோருக்கும் பொதுவானவை என்று வகுத்தது. கரை எதுவரை என்பதற்கும் அது அளவு சொன்னது: குளிர்காலத்தின் மிகப் பெரிய அலை எட்டும் இடம் வரை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் காஸ்டில் அரசர் பத்தாம் அல்ஃபோன்ஸோ காலத்தில் தொகுக்கப்பட்ட சட்டங்களிலும் இந்தக் கருத்து தொடர்ந்தது. 1988 ஜூலையில் ஸ்பெயின் நாடாளுமன்றம் இயற்றிய கடற்கரைச் சட்டம் கரையின் எல்லையை, அறியப்பட்ட மிகப் பெரிய புயல்களின் அலை எட்டும் இடம் என்று வரையறுத்தது. ஏறத்தாழ ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகள் கழித்தும் அளவுகோல் அலைதான். இதே ரோமானிய மூலத்தை இந்திய உச்ச நீதிமன்றமும் எடுத்தாண்டிருக்கிறது. மணாலிப் பக்கம் பியாஸ் ஆற்றின் போக்கைத் தன் வசதிக்காகத் திருப்பிய ஒரு தங்கும் விடுதியின் வழக்கில், 1996 டிசம்பரில் அது தந்த தீர்ப்பு ரோமானியக் கோட்பாட்டிலிருந்துதான் தொடங்கி, இயற்கை வளங்களுக்கு அரசு ஓர் அறங்காவலர் மட்டுமே என்ற முடிவுக்கு வந்தது.

1988 சட்டம் எப்படி வேலை செய்கிறது என்பதை வாங்குபவர்களில் பலர் பத்திரம் முடிந்த பிறகே தெரிந்துகொள்கிறார்கள். முதலில் அதிகாரிகள் கரையை அளந்து எல்லைக்கோடு போடுவார்கள். கோட்டுக்குக் கடல் பக்கம் உள்ளதெல்லாம் பொதுச் சொத்து. அங்கிருந்து நிலத்தை நோக்கி 6 மீட்டர் எல்லோரும் நடந்து போகத் திறந்திருக்க வேண்டும். 100 மீட்டர் வரை பாதுகாப்புப் பகுதி. புதிய குடியிருப்பு அங்கே கூடாது. சட்டம் வருவதற்கு முன்பே நகரமாகிவிட்ட இடங்களில் இந்த நூறு மீட்டர் இருபதாகச் சுருங்கும். அந்தப் பகுதியில் முறைப்படி கட்டிய பழைய வீட்டைப் பழுதுபார்க்கலாம். உயரத்தையோ பரப்பையோ கூட்ட முடியாது.

கோட்டுக்குள்ளேயே வந்துவிட்ட வீடுகளின் கதை வேறு. தலைமுறைகளாகப் பத்திரம் வைத்திருந்தவர்கள் ஒரே நாளில் உரிமையாளர் என்ற நிலையிலிருந்து அனுபவதாரர் என்ற நிலைக்கு வந்தார்கள். 30 ஆண்டுகள் குடியிருக்கலாம், இன்னொரு 30 ஆண்டுகள் நீட்டிக்கலாம், அதன்பின் நிலம் கடலுக்கு. நியாயமாக வாங்கிய ஏழை மீனவக் குடும்பங்களும் இதில் அடிபட்டன. அவர்களுடைய மனக்குறையை எளிதில் ஒதுக்கிவிட முடியாது; ஐரோப்பிய நாடாளுமன்றம் வரை முறையீடுகள் போயின. ஆனால் 2013இல் வந்த திருத்தம் அவர்களுக்கு மட்டும் கதவைத் திறக்கவில்லை. அனுபவ உரிமையை 75 ஆண்டுகள் வரை நீட்டித்தது. முன்பு வாரிசுக்கு மட்டுமே போகக்கூடியதாக இருந்ததை யாருக்கும் விற்கலாம் என்று ஆக்கியது. சில குடியிருப்புப் பகுதிகளைப் பொதுச் சொத்து எல்லையிலிருந்தே வெளியே எடுத்தது. தாத்தாவின் மீன்பிடிக் குடிலைக் காப்பாற்ற என்று சொல்லப்பட்ட ஏற்பாடு, கரையின் மேல் நிற்கும் வீட்டை மறுபடியும் சந்தைச் சரக்காக்கியது. பழையவர்களுக்குக் காலம் நீட்டித்துக் கொடுத்திருக்கலாம். விற்கும் உரிமையைக் கொடுத்தது தவறு என்றே நான் கருதுகிறேன்.

திருத்தம் வந்த 2013ஆம் ஆண்டைக் கவனிக்க வேண்டும். 2008இல் ஸ்பெயினின் கட்டுமானக் குமிழி உடைந்தது. பாதியில் நின்ற எலும்புக்கூடுகள் கரையெங்கும் தெரிந்தன. பெனிடோர்ம் நகரின் 47 மாடி இன்டெம்போ கோபுரம் 2007இல் தொடங்கி, கடனில் மூழ்கி, வாராக்கடன்களை ஏற்ற நிறுவனத்தின் கைக்குப் போய், 2021இல்தான் திறந்தது. விற்காத வீடுகளை விற்றாக வேண்டிய அந்த நெருக்கடியில், கடற்கரைச் சட்டத்தைத் தளர்த்திய அதே 2013இல், 5 லட்சம் யூரோவுக்கு வீடு வாங்கும் ஐரோப்பிய ஒன்றியத்தைச் சேராத வெளிநாட்டவருக்குக் குடியிருப்பு அனுமதி தரும் சட்டமும் வந்தது. தங்க விசா என்று பெயர் பெற்ற அந்த ஏற்பாடு 2025 ஏப்ரல் 3ஆம் தேதி முடிவுக்கு வந்தது. இடைப்பட்ட காலத்தில், அலிகாந்தே மாகாணத்தில் விற்பனையாகும் பத்து வீடுகளில் நான்குக்கும் மேல் வெளிநாட்டவர் வாங்கும் நிலை உருவாகியிருந்தது. இதற்கு விசா மட்டும் காரணமில்லை; பிரிட்டனும் ஜெர்மனியும் நெதர்லாந்தும் நெடுங்காலமாக அங்கே வீடு வாங்குகின்றன. இந்தச் சந்தையின் மறுபக்கம் இது: இபிசா தீவில் செவிலியர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் வாடகைக்கு வீடு கிடைக்காமல், சிலர் வண்டிகளில் படுத்து வேலைக்குப் போவது இன்று ஊரறிந்த செய்தி.

இனி, கரையை விற்றால் என்ன நடக்கும் என்பதற்கு ஓர் இடத்தை நெருங்கிப் பார்க்கலாம்.

முர்சியா மாநிலத்தில் மார் மெனோர் என்ற உப்புநீர்க் காயல் இருக்கிறது. பரப்பு சுமார் 135 சதுர கிலோமீட்டர். மிக ஆழமான இடத்திலும் ஏறத்தாழ 7 மீட்டர்தான். அதையும் மத்தியதரைக் கடலையும் பிரிப்பது லா மங்கா எனப்படும் சுமார் 21 கிலோமீட்டர் நீள மணல்திட்டு. சில இடங்களில் அதன் அகலம் நூறு மீட்டர் அளவுதான். கிழக்கே பார்த்தால் அலையடிக்கும் கடல், மேற்கே பார்த்தால் அசையாத காயல். 1960 வரை அங்கே மணல்மேடுகளும் காவல் கோபுரமும், காயலும் கடலும் சேரும் வாய்களில் நாணல் வேலி கட்டி மீன் பிடிக்கும் பட்டிகளும்தான் இருந்தன.

தோமாஸ் மாயெஸ்த்ரே என்ற தொழிலதிபர் அந்த நிலத்தைத் தன்வசமாக்கி நகரமாக்க முனைந்தார். திட்டம் வரைந்தவர் சாதாரணமானவர் அல்லர். பார்சிலோனாவில் பிறந்து, கட்டடக் கலைஞர் லெ கொர்புஸியேயிடம் பயின்று, புவனோஸ் ஐரஸில் இருந்தபோது பட்டாம்பூச்சி நாற்காலி என்று உலகமெங்கும் அறியப்பட்ட இருக்கையை இரு நண்பர்களோடு வடிவமைத்த அந்தோனி போனெட். கட்டடங்களைத் திட்டு முழுவதும் இறைக்காமல், ஆங்காங்கே கூட்டமாக அமைத்து, நடுவே வெறும் மணலை விட்டுவைக்க வேண்டும் என்பது அவருடைய எண்ணம். எந்த வீட்டிலிருந்து பார்த்தாலும் இரண்டு நீர்ப்பரப்பும் தெரியும். நடப்பவருக்கும் கரை மறையாது. காகிதத்தில் இருந்த அந்தத் திட்டத்தை மதிக்கத்தான் வேண்டும்.

நடந்தது வேறு. 1963 இறுதியில், சர்வாதிகாரி ஃபிராங்கோவின் ஆட்சி, தேசியச் சுற்றுலா முக்கியத்துவம் உள்ள பகுதிகளுக்கு வரிச் சலுகையும் கடன் வசதியும் தரும் சட்டத்தைக் கொண்டுவந்தது. லா மங்கா அதில் சேர்ந்தது. மனைகள் விற்கத் தொடங்கியதும் போனெட் விட்டுவைத்த இடைவெளிகளே விலை உயர்ந்த மனைகளாயின. ஒவ்வொரு வெற்றிடமும் இரண்டு பக்கமும் கடல் பார்த்த முதல் வரிசை அல்லவா? அதை வெற்றாக வைத்திருக்க எந்த முதலீட்டாளருக்கும் காரணம் இருக்கவில்லை. நடுவே ஒரே ஒரு சாலை. தெற்குப் பகுதி கார்த்தஹேனா நகராட்சிக்கும் வடக்குப் பகுதி சான் ஹவியேர் நகராட்சிக்கும் போனது. கோடையில் நெரிசல், குளிர்காலத்தில் மூடிய ஜன்னல்கள். எல்லோரும் காட்சியை வாங்க வந்தார்கள். ஒவ்வொருவரும் கட்டிய வீடு அடுத்தவரின் காட்சியை மறைத்தது.

காயலுக்கு நேர்ந்த கேடு இதைவிடப் பெரிது. உல்லாசப் படகுகள் உள்ளே வர 1970களின் தொடக்கத்தில் எஸ்தாசியோ என்ற கால்வாயை ஆழப்படுத்தி அகலப்படுத்தினார்கள். கடல் நீர் கூடுதலாக உள்ளே வர, காயலின் உப்பு குறைந்தது. அதுவரை உப்பின் மிகுதியால் நுழைய முடியாத உயிர்கள் நுழைந்தன. 1979இல் தாஹோ ஆற்று நீர் செகூரா வடிநிலத்துக்குக் கால்வாய் வழியே வந்தபோது, மேற்கேயுள்ள கார்த்தஹேனா சமவெளி மானாவாரி நிலத்திலிருந்து ஐரோப்பாவின் காய்கறித் தோட்டமாக மாறியது. கீரை வகைகளும் புரோக்கோலியும் முலாம்பழமும் ஆண்டு முழுவதும் விளைந்தன. உரத்தின் நைட்ரேட் நிலத்தடி நீரிலும் ஓடைகளிலும் சேர்ந்து தாழ்வான காயலை அடைந்தது. நகரங்களின் கழிவுநீரும் சேர்ந்தது. 1990களில் சொறி மீன்கள் பெருகின. 2016இல் காயல் முழுவதும் பாசியால் பச்சையாகி, சூரிய ஒளி அடித்தளத்தைத் தொடாமல் போக, அடிப்பரப்பின் தாவரங்களில் சுமார் 85 விழுக்காடு அழிந்தது. கடல்குதிரைகள் அரிதாயின. 2019 செப்டம்பரில் பெருமழை வெள்ளம் கனத்த உப்புநீரின் மேல் நன்னீரைப் போர்த்தியது. இரண்டும் கலக்காமல் நிற்க, கீழ் அடுக்கில் ஆக்சிஜன் தீர்ந்தது. அக்டோபர் 12 அன்று சான் பெத்ரோ தெல் பினாதார் ஊரின் கரையில் மீன்களும் இறால்களும் மூச்சுக்காகத் தண்ணீரை விட்டே வெளியேற முயன்று டன் கணக்கில் செத்துக் குவிந்தன. 2021 ஆகஸ்டில் மறுபடியும் அதே காட்சி.

வீட்டு விலையைப் பற்றிய என் வாதத்துக்கு இங்கேதான் வலுவான சான்று கிடைக்கிறது. ஸ்பெயினின் மத்திய வங்கியைச் சேர்ந்த பொருளியலாளர்கள், மார் மெனோர் சுற்றுப்புற வீடுகளின் விலையை அருகிலுள்ள இதே தன்மையுள்ள கரையோர ஊர்களின் விலையோடு ஒப்பிட்டார்கள். காயல் கெட்டதால் வீட்டு உரிமையாளர்கள் இழந்த சொத்து மதிப்பு 400 கோடி யூரோவுக்கும் மேல் என்று அவர்கள் கணித்தார்கள். செங்கல்லும் சிமென்டும் அப்படியேதான் இருந்தன. ஒரு வீட்டின் ஓடுகூட உடையவில்லை. செத்தது பத்திரத்தில் இல்லாத காயல். அதோடு சரிந்தது பத்திரத்தில் எழுதிய விலை. காயலைக் கெடுத்ததில் பெரும்பங்கு வேளாண்மைக்கு என்பது உண்மை. ஆனால் எஸ்தாசியோவை அகலப்படுத்தியதும், மணல்திட்டை மூடியதும் வீட்டுச் சந்தை தன் கையாலேயே செய்தவை.

இதே நிலவமைப்பு கொண்ட இன்னோர் இடம் வடக்கே வலென்சியாவுக்கு அருகில் உண்டு. அல்புஃபேரா ஏரிக்கும் கடலுக்கும் இடையே பைன் மரங்கள் அடர்ந்த டெஹெசா தெல் சாலேர் மணல்திட்டு. அது வலென்சியா நகராட்சியின் சொத்து. அங்கும் 1960களில் நகராட்சியே நகரமைப்புத் திட்டம் போட்டு மனைகளை விற்கத் தொடங்கியது. முன்வரிசை மணல்மேடுகளை இயந்திரங்கள் சமன் செய்தன. சாலைகளும் சாக்கடையும் கடலோர நடைபாதையும் வந்தன. சில கோபுரங்களும் எழுந்தன. ஃபிராங்கோ ஆட்சியின் கடைசி ஆண்டுகளில், கூட்டம் கூடுவதே அபாயமாக இருந்த நாட்களில், சாலேர் மக்களுக்கே என்ற முழக்கத்தோடு வலென்சியர்கள் எதிர்த்தார்கள். உயிரியலாளர்களும் கட்டடக் கலைஞர்களும் பத்திரிகையாளர்களும் மாணவர்களும் அதில் இருந்தார்கள். 1979 தேர்தலுக்குப் பின் வந்த ஜனநாயக நகராட்சி திட்டத்தைக் கைவிட்டது. 1986இல் அப்பகுதி இயற்கைப் பூங்காவானது.

அதற்கு மேலும் ஒரு படி போனார்கள். கட்டிய நடைபாதையை உடைத்து எடுத்தார்கள். சமன் செய்த இடத்தில் மணல்மேடுகளை மறுபடி உருவாக்கி, மணலைப் பிடித்து வைக்கும் உள்ளூர்ப் புல் வகைகளை நட்டார்கள். பல ஆண்டுகள் நடந்த பொறுமையான வேலை அது. முதலில் எழும்பிய சில கோபுரங்கள் இன்றும் அங்கே நிற்கின்றன. அவற்றில் இருப்பவர்களுக்குக் கிடைக்கும் காட்சியைத் தந்தவர்கள் அந்தக் கோபுரங்களின் அண்டைக் கட்டடங்களைத் தடுத்து நிறுத்திய போராட்டக்காரர்கள். லா மங்காவில் வாங்கியவருக்கு யாரும் அந்த உதவியைச் செய்யவில்லை.

மணல்மேடு ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், கடற்கரை என்பது நிலையான நிலம் இல்லை. ஆறு கொண்டுவரும் வண்டலும் கரையோர நீரோட்டமும் மணல்மேட்டின் சேமிப்பும் சேர்ந்து நடத்தும் வரவுசெலவு அது. எப்ரோ ஆற்றின் குறுக்கே 1960களில் மெகினென்ஸா, ரிபரோஹா அணைகள் எழும்பிய பின் கடலுக்குப் போகும் வண்டலில் பெரும்பகுதி நின்றுபோனது. படகுத் துறைகளும் தூண்டில் வளைவுகளும் நீரோட்டத்தின் மணலை ஒரு பக்கம் தேக்கி, மறுபக்கக் கரையை அரிக்கவிடுகின்றன. புயல் நாளில் கரைக்கு மணல் கடன் கொடுப்பது மணல்மேடு. அதை எடுத்துவிட்டு அதே இடத்தில் வீடு கட்டினால், கடல் வந்து கேட்கும்போது கொடுக்க ஒன்றும் இருக்காது. 2020 ஜனவரியில் வந்த குளோரியா புயல் இதை அந்தக் கரை முழுவதற்கும் காட்டியது. எப்ரோ கழிமுகத்தின் வயல்களுக்குள் கடல் புகுந்தது; ஹாவியா நகரின் கடலோர உணவகங்களுக்குள் அலை நுழைந்தது.

கடலுக்குள் இன்னொரு காவல் இருக்கிறது: பொசிதோனியா. மத்தியதரைக் கடலில் மட்டுமே வளரும் கடற்புல். அலையின் வேகத்தை அது குறைக்கிறது, நீரைத் தெளிவாக்குகிறது, மீன்குஞ்சுகளுக்கு இடம் தருகிறது. உதிர்ந்த இலைகள் குளிர்காலத்தில் கரையில் மெத்தையாகப் படிந்து மணலை அலையிலிருந்து காக்கின்றன. ஆனால் விளம்பரப் படத்துக்கு வெள்ளை மணல் வேண்டும் என்பதால், பல நகராட்சிகள் இயந்திரம் வைத்து அந்த இலைகளை வாரி எடுக்கின்றன. கூடவே மணலும் போகிறது. பிறகு கடலடியிலிருந்து மணல் உறிஞ்சிக் கொட்ட அரசு பணம் செலவிட வேண்டியிருக்கிறது. முதல் வரிசையின் விலையைக் காக்கும் செலவு, அந்தக் கடலை ஒருநாளும் தன் ஜன்னலில் பார்த்திராத வரிசெலுத்துபவர் தலையிலும் விழுகிறது. பாலேரிக் தீவுகளின் அரசு 2018இல் இந்தப் புல்வெளிகளின் மேல் நங்கூரம் போடுவதைத் தடைசெய்து ஆணை பிறப்பித்தது. பிற கரைகளும் பின்பற்ற வேண்டிய ஆணை அது.

சட்டம் இருந்தும் அது எவ்வளவு மெதுவாக நகர்கிறது என்பதற்கு அல்மேரியா மாகாணத்தின் எல் அல்கரோபிகோ சாட்சி. காபோ தெ கடா இயற்கைப் பூங்காவுக்குள், கடலுக்கு மிக நெருக்கமாக, மலைச்சரிவைக் குடைந்து 2003இல் தொடங்கிய 411 அறைகள் கொண்ட விடுதி. 2006இல் நீதிமன்றம் வேலையை நிறுத்தியது. 2016இல் உச்ச நீதிமன்றம் அந்த நிலத்தில் கட்டவே கூடாது என்று தீர்ப்பளித்தது. கட்டியது நிற்கிறது, ஒரு விருந்தினர்கூட அங்கே தங்கியதில்லை. இடிப்பது முடியாத காரியமும் இல்லை. கதலோனியாவின் காப் தெ கிரெயஸ் முனையில் 1960களில் கட்டிய உல்லாச விடுதிக் கிராமத்தை அரசு வாங்கி, 2009, 2010ஆம் ஆண்டுகளில் நூற்றுக்கணக்கான கட்டடங்களைப் பிரித்தெடுத்து, பாறையைப் பழையபடி காற்றுக்கும் செடிக்கும் விட்டது. அல்கரோபிகோவில் குறைவது மனம்தான்.

இந்தக் கரையில் வீடு வாங்க நினைப்பவர் நம் ஊரில் வில்லங்கச் சான்றிதழ் பார்ப்பதுபோலப் பதிவகத்தின் விவரக் குறிப்பை வாங்குவார். அது போதாது. எல்லைக்கோடு எங்கே போகிறது, வீடு பாதுகாப்புப் பகுதிக்குள் வருகிறதா, அனுபவ உரிமை என்றால் எந்த ஆண்டு வரை என்பதைக் கடற்கரை அதிகாரிகளிடம் எழுத்தில் பெற வேண்டும். என் கருத்தில் இதை வாங்குபவரின் சாமர்த்தியத்துக்கு விட்டுவைக்கக் கூடாது. கடல் தெரியும் என்று விளம்பரம் செய்பவர், பொதுச் சொத்தின் எல்லை வீட்டிலிருந்து எத்தனை மீட்டர் என்பதையும் அதே விளம்பரத்தில் அச்சிட வேண்டும் என்று சட்டம் கட்டாயமாக்க வேண்டும்.

மார் மெனோர் மக்கள் இதைவிடத் துணிவான வழியைக் கண்டார்கள். முர்சியா பல்கலைக்கழகத்தின் சட்டத் தத்துவப் பேராசிரியர் தெரேசா விசென்தே முன்னின்று நடத்திய இயக்கம், காயலுக்கே சட்டப்படியான ஆளுருவம் வேண்டும் என்று கேட்டது. மக்கள் முன்மொழியும் சட்டத்துக்கு 5 லட்சம் கையெழுத்து தேவை. பெருந்தொற்றுக் காலத்திலும் 6 லட்சத்துக்கு மேல் சேர்ந்தன. 2022 செப்டம்பர் 30 தேதியிட்ட 19/2022ஆம் சட்டம், இருக்கவும் இயற்கையான போக்கில் மாறவும் காக்கப்படவும் மீட்கப்படவும் காயலுக்கு உரிமை உண்டு என்று ஏற்றது. ஐரோப்பாவில் ஒரு நீர்நிலைச் சூழலுக்கு இத்தகைய உரிமை கிடைத்தது அதுவே முதல் முறை. எதிர்த்து ஒரு கட்சி தொடுத்த வழக்கை 2024 நவம்பரில் அரசியலமைப்பு நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. இன்று யார் வேண்டுமானாலும் மார் மெனோரின் பெயரால் நீதிமன்றம் போகலாம். லா மங்காவின் பத்தாவது மாடியில் சொகுசு வீடு வைத்திருப்பவருக்கும், மறுகரையில் வலை காயப்போடும் மீனவருக்கும், கோடையில் ஒருநாள் குளிக்க வந்து போகும் குடும்பத்துக்கும் அந்த உரிமை ஒரே அளவுதான். வீட்டுப் பத்திரத்தைக் காட்டி யாரும் அங்கே கூடுதல் இடம் கேட்க முடியாது.